மூன்று முறையும் 19.8

ஜனவரி 7, ஞாயிறு

கால் பெருவிரலால் ஒரு மனிதனை அழவைக்க முடியும் என்று இன்று தெரிந்துகொண்டேன். நான் அழவில்லை. முடியும் என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

விடிந்து பார்த்தால் இடதுகால் பெருவிரலின் அடிக்கணு தக்காளி போலச் சிவந்து பளபளத்துக்கொண்டிருந்தது. போர்வை பட்டால் வலித்தது. போர்வையை எடுத்தால் மின்விசிறிக் காற்று பட்டு வலித்தது. மின்விசிறியை அணைத்தால் பூரணம் வந்து "என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள். இருபத்தேழு வருடமாக இந்தக் கேள்வியை என் மனைவி நான் பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்துத்தான் கேட்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் டாக்டர் தேடுவது சாமான்ய வேலையில்லை. ஆட்டோவில் போகிற தூரத்தில் ஒரே ஒரு கிளினிக் திறந்திருந்தது. டாக்டர் நாகஜோதி, எம்.டி. நாற்பது வயதுக்குள் இருக்கும். என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"சார், நீங்க கெமிஸ்ட்ரி தவசிலிங்கம் சார்தான? ரெண்டாயிரத்து மூணுல எங்க ஸ்கூலுக்கு பிராக்டிகல் எக்ஸ்டர்னலா வந்தீங்க."

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு வேறு பள்ளியிலிருந்து வந்து மதிப்பெண் போடுகிறவன் எக்ஸ்டர்னல். அந்த ஒரு நாள் மட்டும் அவன் எமன். இருபத்தைந்து வருடமாக நான் எமன் வேலையும் பார்க்கிறேன்.

"இருக்கலாம். எத்தனையோ ஸ்கூல் போயிருக்கேன். ஞாபகம் இல்லம்மா."

"எனக்கு இருக்கு சார்," என்று சொல்லிவிட்டு விரலைத் தொட்டாள். கொஞ்சம் அழுத்தியே தொட்டாள் என்பது என் கருத்து.

ரத்தம் எடுத்தார்கள். யூரிக் அமிலம் 9.4. ஏழுக்குள் இருக்க வேண்டுமாம். ரத்த அழுத்தமும் அதிகம். ஈசிஜியில் ஒன்றுமில்லை. பழைய காலத்தில் இதை ராஜாக்களின் நோய் என்பார்கள் என்று நானே அவளிடம் சொன்னேன். உதவி பெறும் பள்ளியின் முதுகலை ஆசிரியனுக்கு ராஜாக்களிடமிருந்து வந்த ஒரே சொத்து.

அவள் சிரிக்கவில்லை. "அப்பாவுக்கு என்ன ஆச்சு சார்?"

"வாயு அடைச்சு இறந்துட்டார். அம்பத்தஞ்சு வயசு."

எழுதினாள். "படி ஏறினா மூச்சு வாங்குதா? நெஞ்சு இறுக்குதா?"

"இல்லை."

அதையும் எழுதினாள். பிறகு ஒரு சொற்பொழிவு. யூரிக் அமிலம் இவ்வளவு இருந்தால் அது விரலோடு நிற்கிற சமாச்சாரம் இல்லையாம். கூடவே ரத்த அழுத்தமும், தகப்பனார் சீக்கிரம் போன கதையும் இருந்தால் இதயத்தையும் பார்த்துவிட வேண்டுமாம். படுத்துக்கொண்டு எடுக்கிற ஈசிஜி எல்லாவற்றையும் சொல்லாதாம். டிரெட்மில்லில் ஓடவிட்டு ஒரு பரிசோதனை. நிற்கவே முடியாதவனை ஓடச் சொல்கிறாள்.

"வீக்கம் வத்தினப்புறம்தான் சார். அதுவரைக்கும் ஒரு நோட்டு போடுங்க. என்ன சாப்பிட்டீங்க, மாத்திரை போட்டீங்களா, வலி எங்கெங்க இருந்துச்சு, எல்லாம் தேதி போட்டு. பிப்ரவரி நாலு கொண்டு வாங்க."

மட்டன், ஈரல், குடல், நெத்திலி, பீர் கூடாது. ஃபீஸ் வாங்க மறுத்தாள். இது மரியாதையா, அவமானமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஜனவரி 8, திங்கள்

விடுப்பு. நோட்டு விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்தேன்.

வேதியியல் படித்தவனுக்கு நோட்டு என்றால் இரண்டு. சோதனை செய்யும்போதே அங்கேயே கிறுக்குவது அப்சர்வேஷன் நோட்டு. அதைப் பார்த்து, அட்டை போட்டு, ஸ்கேல் வைத்து, ஊருக்குக் காட்ட எழுதுவது ரெக்கார்டு நோட்டு. முதலாவதில் உண்மை இருக்கும், இரண்டாவதில் கையெழுத்து இருக்கும்.

டாக்டரம்மாவுக்கு ரெக்கார்டு. எனக்கு இது. பக்க எண் போட்டுவிட்டேன். பழக்கதோஷம்.

ஜனவரி 9, செவ்வாய்

மூன்றாம் பீரியட் ஓய்வு. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, பிப்ரவரி 4 வரைக்குமான ரெக்கார்டை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். காலை: மூன்று இட்லி. மதியம்: சோறு, ரசம், கீரைக்கூட்டு. மாலை: சுண்டல். இரவு: இரண்டு சப்பாத்தி. தண்ணீர்: மூன்று லிட்டர். மாத்திரை: போட்டேன். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல்: இல்லை.

ஒரே நாளில் எழுதிய ரெக்கார்டு எப்படி மாட்டும் என்று என்னைவிடத் தெரிந்தவன் மாவட்டத்திலேயே கிடையாது. ஒரே மை மாட்டிக்கொடுக்கும். எனவே நாலு பேனா.

ஜனவரி 10, புதன்

இரண்டாம் மாடிக்கு நாற்பத்து நாலு படி. எண்ணினேன்.

கீழ்த்தளத்தில் இருந்த என் ஆய்வகத்தை ஸ்மார்ட் கிளாஸ் வைக்க வேண்டும் என்று மாடிக்குத் தூக்கிப்போட்டவர் தலைமையாசிரியர் சுகிர்தராஜ். என்னைவிட நாலு வருடம் இளையவர். தாவரவியல். அந்த நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டியது. நிர்வாகக் குழுவில் அவருடைய மைத்துனர் இருந்தார், என்னுடைய மைத்துனர் தூத்துக்குடியில் இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். இத்தனைக்கும் மனிதர் ஒளிச்சேர்க்கைக்கே நோட்ஸ் வைத்துக்கொண்டு பாடம் எடுப்பார்.

மேலே போனதும் நெஞ்சு நடுவில் ஒரு அழுத்தம். யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவதுபோல. ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. வாயு.

ஜனவரி 12, வெள்ளி

வீக்கம் வற்றியது. ஓமவாட்டர் குடித்தேன்.

ஜனவரி 16, செவ்வாய். மாட்டுப் பொங்கல்

பூரணம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பஜாருக்குப் போய் ஒரு கிலோ மட்டனும், ஈரலும், குடலும் வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தேன்.

"அந்த டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"கூடாதுன்னு சொன்னா."

"அப்ப ஏன் வாங்கிட்டு வந்தீங்க?"

"அவ சொன்னா."

பூரணம் என்னைப் பார்த்தாள். "மனுசனுக்கு நோய் வந்தா டாக்டர்கிட்ட போவான். உங்களுக்கு நோய் வந்தா டாக்டர் மேல கேஸ் போடுவீங்க போல." ஆனால் குடலை மஞ்சள் போட்டுக் கழுவி, மிளகு தூக்கலாகப் பிரட்டித் தந்தாள். அப்பாவுக்கும் குடல் இப்படித்தான் இருக்க வேண்டும். வத்தல் கமிஷன் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பெருவிரலில் ஆணி என்று சொல்லி, செருப்பின் வாரை அந்த இடத்தில் மட்டும் வட்டமாக வெட்டிப் போட்டுக்கொள்வார். அந்த ஓட்டைச் செருப்போடு மாட்டுப் பொங்கலுக்குக் கறிக்கடை வரிசையில் முதல் ஆளாக நிற்பார்.

இப்போது எதற்கு அது? ஈரல் அருமை.

ஜனவரி 19, வெள்ளி

இரண்டு வாரம் கழித்து ஆரம்பிக்கச் சொன்ன யூரிக் அமில மாத்திரை மேசையில் இருக்கிறது. தினமும் ஒன்று, அநேகமாக ஆயுள் முழுக்க என்றாள். ஆயுள் முழுக்க என்று எனக்கு ஏற்கெனவே சுகிர்தராஜ் இருக்கிறார்.

ஜனவரி 24, புதன்

இணையத்தில் தேடினேன். பெரு மகிழ்ச்சி. யூரிக் அமிலம் இதய நோயை உண்டாக்குகிறதா, அல்லது இதய நோய் வரப்போகிறவர்களிடம் சும்மா கூட நிற்கிறதா என்று அவர்களுக்குள்ளேயே தகராறு. கூட நிற்பது வேறு, காரணமாக இருப்பது வேறு. இதைப் பதினொன்றாம் வகுப்புப் பையன்களுக்கே சொல்லிப் புரியவைத்திருக்கிறேன். என் பெருவிரலும் என் நெஞ்சும் ஒரே உடம்பில் குடியிருக்கின்றன என்பதற்காக ஒன்றின் குற்றத்தை மற்றதன் தலையில் கட்ட முடியாது.

இதை ஒரு தாளில் குறிப்பெடுத்துக்கொண்டேன். பிப்ரவரி 4-ஆம் தேதி அந்தம்மாவுக்கு ஒரு பாடம் இருக்கிறது.

ஜனவரி 29, திங்கள்

இந்த மாதத்தில், முதல் மாடி அறிவிப்புப் பலகையை முழுமையாகப் படித்துவிட்டேன். தொலைந்துபோன நீல நிற டிபன் பாக்ஸ், பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு. சாலைப் பாதுகாப்பு ஓவியப் போட்டி, கடைசி நாள் டிசம்பர் 20. 'சுற்றறிக்கை' என்பதில் ஒரு எழுத்துப்பிழை, கீழே சுகிர்தராஜின் கையெழுத்து. ஒவ்வொரு நாளும் இருபத்திரண்டாவது படியில் நின்று படிக்கிறேன். பள்ளியின் மீது எனக்கு அக்கறை உண்டு.

ஆய்வக உதவியாளர் கூடலிங்கம் பக்கத்தில் வந்து நின்றான்.

"சார், என்ன படிக்கிறீங்க?"

"டிபன் பாக்ஸ்."

"அது கிடைச்சிருச்சு சார். போன மாசமே." என் கையைப் பார்த்தான். "கெமிக்கல் டப்பாவ நான் எடுத்துட்டு வாரேன். நீங்க மெதுவா வாங்க. முகம் என்னமோ வேர்த்திருக்கு."

"ஜனவரில வேர்க்காம எப்பய்யா வேர்க்கும்?"

அவன் டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

பிப்ரவரி 2, வெள்ளி

பரோட்டாக் கடை. எண்ணெய்ப் பரோட்டா நாலு, சுக்கா ஒன்று. ரெக்கார்டின்படி: இரண்டு சப்பாத்தி. கோதுமைக்கும் மைதாவுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே செடி.

திரும்பி நடந்து வரும்போது வாயு, இடது தாடை வரைக்கும். வாயுவுக்கு எல்லை கிடையாது. கொள்கலத்தின் முழு இடத்தையும் அடைக்கும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இது அப்சர்வேஷன் நோட்டு.

காலையில் ரத்தம் கொடுத்துவிட்டுப் பதினோரு மணிக்கு உள்ளே போனேன். பூரணமும் கூட வந்தாள். ரெக்கார்டை நீட்டினேன். பழுப்பு அட்டை, லேபிள், ஓரக்கோடு. நாகஜோதி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒன்றுவிடாமல் புரட்டினாள். இப்படிப் புரட்டுவது என் பாணி.

"மூணு இட்லி, மூணு இட்லி, மூணு இட்லி. இருபத்தெட்டு நாளும் மூணு இட்லி. ஒரு நாள்கூட மாவு புளிக்கலையா சார்?"

பூரணம் சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தை ஆர்வமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

"பேனா மாறி மாறி வருது. சரியா நாலு நாளைக்கு ஒண்ணு. கறுப்பு, நீலம், ஜெல், பால்பாயிண்ட். மறுபடி கறுப்பு." ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். "ஜனவரி பதினாறு. மாட்டுப் பொங்கல். விருதுநகர்ல. மத்தியானம் கீரைக்கூட்டு."

நோட்டை மூடிவிட்டாள்.

"யூரிக் ஆசிட் ஒம்பது புள்ளி ஒண்ணு. கீரைக்கூட்டுல இவ்வளவு வராது சார்."

"உன் லேப்ல தப்பு இருக்கும்."

"ரெக்கார்டு நல்லா இருக்கு சார். அப்சர்வேஷன் நோட்டை எடுங்க."

எந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு உடனே தெரிந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு மேசையிலும் நான் சொல்கிற வார்த்தை. அவளிடமும் சொல்லியிருப்பேன்.

"அப்படி ஒண்ணு இல்லை."

"பிராக்டிகல் பண்ணினவங்க எல்லார்கிட்டயும் அது இருக்கும்னு சொன்னீங்களே."

என் குறிப்புத்தாளை எடுத்தேன். கூட நிற்பது வேறு, காரணம் வேறு என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீங்க சொல்றது சரிதான் சார். அந்தச் சண்டை இன்னும் முடியல. ஆனா அன்னைக்கு வைவால நீங்க என்கிட்ட ஒரு கேள்வி கேட்டீங்க. குடுவையில நிறம் மாறி நிலைச்சு நின்னுடுச்சு, உடனே என்ன செய்வேன்னு. சொட்டு விடுற பியூரெட் குழாயை மூடுவேன்னு சொன்னேன். 'மூடாம, நிறம் ஏன் மாறுச்சுன்னு நின்னு யோசிச்சா என்ன ஆகும்?'னு கேட்டீங்க."

என் குறிப்புத்தாளை நாலாக மடித்தேன்.

"அளவு தாண்டிப் போயிடும் சார். அதுக்கப்புறம் யோசிச்சு என்ன, குடுவையக் கொட்டிட்டு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இங்க அது முடியாது. உங்க விரல்ல நிறம் மாறியாச்சு. டிரெட்மில் டெஸ்ட் இந்த வாரமே எடுங்க."

பிறகு ரத்த அழுத்தம் பார்த்தாள். 158/96. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தாள். 158/96. பூரணத்தோடு பேசவிட்டு மூன்றாவது முறை பார்த்தாள். மீட்டரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நூத்தி அம்பத்தெட்டு, தொண்ணூத்தாறு."

"மூணு தடவையும் ஒண்ணாவா?" என்றேன். "மிஷின் ரிப்பேர்."

"சில சமயம் நிஜமாவே ஒண்ணா வரும் சார்," என்றாள். "அன்னைக்கு நானும் அதைத்தான் சொன்னேன்."

ரெக்கார்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். கிளினிக் வாசலில் நாலு படி. இறங்கும் படிதான்.

பிப்ரவரி 5, திங்கள்

அவளுக்கு வேண்டியது மன்னிப்பு. அதற்கு ஒரு டிரெட்மில்.

கிடைக்காது.

பிப்ரவரி 8, வியாழன்

ஜனவரி 7-ஆம் தேதி 'ஞாபகம் இல்லை' என்று அவளிடம் சொன்னதாக எழுதியிருக்கிறேன். சொன்னது உண்மை. ஞாபகம் இல்லை என்பது உண்மை இல்லை.

2003, பிப்ரவரி. பெண்கள் பள்ளி. ஆறாவது மேசை. ஆக்சாலிக் அமிலம், பெர்மாங்கனேட். குடுவையில் அமிலம், பியூரெட்டில் பெர்மாங்கனேட். சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிலைத்து நின்றதும் எத்தனை மில்லி இறங்கியது என்று படிக்க வேண்டும். இரண்டு அளவு ஒத்துவந்தால் போதும். இவள் மூன்று எழுதியிருந்தாள். 19.8, 19.8, 19.8.

இந்த ஊரில் எல்லாப் பள்ளியிலும் நடக்கிற கூத்து ஒன்று உண்டு. ஆய்வக உதவியாளர் விடையை முன்கூட்டியே விரலில் காட்டிவிடுவார். பிள்ளைகள் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவை எழுதும். மூன்றும் ஒன்றாக இருந்தால் செய்து பார்க்காமல் சமைத்தது என்று அர்த்தம்.

"நிஜமாவே வந்துச்சு சார். நீங்களே பாருங்க சார்," என்று அழுதாள். அவளுடைய டீச்சரும் வந்து நின்றார். "சார், நல்லாப் படிக்கிற பிள்ளை. மெடிக்கல் போகப்போறவ," என்றார்.

ஐம்பதுக்கு நாற்பத்தேழு போட்டேன்.

எனக்கு 1987-இல் மெடிக்கல் அரை மதிப்பெண்ணில் போனது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

மூன்று மதிப்பெண் என்பது மெடிக்கல் கட்-ஆஃப் கணக்கில் முக்கால் மதிப்பெண். அவள் அரையில் விட்டுவிட்டு, அடுத்த வருடம் மறுபடி எழுதித்தான் உள்ளே போனாள் என்று பூரணம் சொல்கிறாள். கிளினிக் நர்ஸிடம் பேசினாளாம். இவளை யார் விசாரிக்கச் சொன்னது?

பிப்ரவரி 13, செவ்வாய்

பதினோராவது படியில் உட்கார்ந்தேன். கூடலிங்கம் ஓடி வந்தான். ஷூ லேஸ் கட்டுகிறேன் என்றேன். அவன் என் காலைப் பார்த்தான். விரல் வலிக்காக ஒரு மாதமாக நான் செருப்புத்தான் போடுகிறேன்.

"எச்.எம். சார்ட்ட சொல்லி கெமிஸ்ட்ரி லேப்ப கீழ இறக்கச் சொல்லவா சார்?"

"அந்தாளுகிட்ட எனக்காக ஒரு வார்த்தை கேட்ட, உன்னை ஆசிட்ல கரைச்சிருவேன்."

"சரி சார்," என்று பக்கத்துப் படியில் உட்கார்ந்தான். "நானும் லேஸ் கட்டிக்கிறேன்." அவனும் செருப்புத்தான் போட்டிருந்தான்.

பிப்ரவரி 18, ஞாயிறு

விரலில் மறுபடி வீக்கம். வெள்ளிக்கிழமை நெத்திலி.

காலையில் கடைக்குப் போகக் கிளம்பினேன். வாசலில் என் செருப்பு. இடது செருப்பின் வாரில், பெருவிரல் கணு உரசுகிற இடத்தில், கத்தரியால் வட்டமாக ஒரு ஓட்டை வெட்டியிருந்தது.

"பட்டு பட்டு வலிக்குதுன்னு சொன்னீங்கள்ல," என்றாள் பூரணம் உள்ளேயிருந்து. "அதான் வெட்டி விட்டேன். போட்டுப் பாருங்க."

போடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்பா ரயில்வே கேட் திறப்பதற்காகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர். கேட் திறந்ததும் ஏறி மிதித்தார். மேட்டில் இரண்டு மிதி. அவ்வளவுதான். நான் போய்ப் பார்த்தபோது மேலே வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். செருப்பு தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கிடந்தது. அதை நான்தான் எடுத்தேன். ஓட்டை வழியாக என் விரல் வெளியே வந்தது. 'வாயு, மாரை அடைச்சிருச்சு' என்று மண்டிக்காரர் சொன்னார். இருபத்தெட்டு வருடமாக நானும் அதையே சொல்கிறேன். எம்.எஸ்ஸி., எம்.ஃபில். முடித்துவிட்டு, எந்த வாயு, எந்த அழுத்தத்தில் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அது ஆணி இல்லை.

எனக்கு ஜூனில் ஐம்பத்தைந்து.

பூரணத்தைக் கூப்பிட்டு, "அந்த டிரெட்மில் சமாச்சாரம் எங்க எடுக்கிறாங்க?" என்று கேட்டேன். ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். செவ்வாய் காலை பத்து மணிக்கு என் பெயரில் பதிவும் செய்திருந்தாள். போன மாதமே.

"போன மாசம் எப்படி?"

"மூணு வாட்டி மாத்தி மாத்தி வச்சேன். அந்தப் பொண்ணு இப்பல்லாம் என் குரல் கேட்டாலே 'தவசிலிங்கம் ஐயா வரலையா?'ன்னுதான் கேக்குது."

பிப்ரவரி 20, செவ்வாய்

டிரெட்மில். மொத்தம் ஒன்பது நிமிடம் ஓட வேண்டும் என்றார்கள். இடதுகாலில் ஓட்டைச் செருப்போடு போனவனைப் பார்த்து, வெறுங்காலோடு நடக்கவிட்டார்கள். நாலாவது நிமிடம் மிஷின் பார்க்கிற பையன் திரையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், பட்டனை அமுக்கினான். "ஐயா, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உட்காருங்க." நான் உட்கார்ந்த பிறகுதான் அந்த உள்ளங்கை நெஞ்சில் இருப்பதை ஒத்துக்கொண்டேன்.

நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்து ஆட்டோவில் நாகஜோதியிடம் கொண்டுபோனார்கள். வரைபடத்தைப் பார்த்தாள். வெளியே காத்திருந்தவர்களிடம் நர்ஸை அனுப்பி அரைமணி நேரம் ஆகும் என்று சொல்லச் சொன்னாள். பிறகு மதுரைக்கு ஒரு ஃபோன், அங்கே இன்னொரு ஃபோன். நாளைக் காலை ஏழு மணிக்கு ஆஞ்சியோகிராம்.

"எத்தனை நாளா இருக்கு சார்?"

"ரெண்டு நாளா."

பூரணம் வாயைத் திறந்தாள். நாகஜோதி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சார், எத்தனை நாளா, எத்தனை படியில, எவ்வளவு நேரம், தாடைக்கோ கைக்கோ போச்சா. அங்க இருக்கிற டாக்டருக்கு இதெல்லாம் நான் சொல்லியாகணும். வலி கூடிக்கிட்டே வருதா, ஒரே மாதிரி நிக்குதாங்கிறதை வச்சுத்தான் நாளைக்கா இன்னைக்கேவான்னு முடிவு பண்ணுவாங்க. என்கிட்ட இருக்கிறது உங்க ரெக்கார்டு மட்டும்தான். அதுல நெஞ்சுவலி இல்லை, இல்லை, இல்லைன்னு இருபத்தெட்டு தடவை எழுதியிருக்கு."

"நோட்டு வீட்டுல இருக்கு," என்றேன்.

"எடுத்துட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆட்டோ வாசலில் நிற்கிறது. பூரணம் பையில் துண்டு, டம்ளர், என் பல்செட்டு வரைக்கும் எல்லாவற்றையும் அடுக்குகிறாள். எனக்குப் பல்செட்டே கிடையாது.

கொடுப்பதற்கு முன்னால் இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஜனவரி 10, நாற்பத்து நாலு படி. 29, இருபத்திரண்டு. பிப்ரவரி 2, சமதரையில், தாடை வரை. 13, பதினொன்றில் உட்கார்ந்தது. வேறு ஒருவன் எழுதியிருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பேன்: அளவுகள் ஒழுங்காக ஒரே திசையில் போகின்றன, முட்டாளே.

பிப்ரவரி 8-ஆம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். பக்க எண் போட்டிருக்கிறது. அப்சர்வேஷன் நோட்டில் பக்கம் கிழித்தவனுக்கு முழு மதிப்பெண்ணும் போச்சு என்பது நான் வைத்த சட்டம். தவிர, அந்தப் பக்கமும் முழுமையில்லை. விடுபட்ட அளவீட்டை இங்கே எழுதுகிறேன்.

அன்று மாலை பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, ஆறாவது மேசையில் அவளுடைய பியூரெட்டும் கரைசலும் அப்படியே இருந்தன. ஆய்வகத்தில் யாருமில்லை. நானே பிப்பெட்டில் எடுத்து, சூடாக்கி, மூன்று முறை செய்து பார்த்தேன்.

19.8. 19.8. 19.8.

மதிப்பெண் பட்டியல் இன்னும் உறைக்குள் போகவில்லை. சிவப்பு மைப் பேனா சட்டைப்பையில் இருந்தது. 47-ஐ 50 ஆக்க ஒரு அடித்தல், ஒரு சுருக்கொப்பம் போதும். பியூரெட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பட்டியலை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது.

மெடிக்கல் போகப்போகிறவள் என்று அந்த டீச்சர் சொல்லியிருக்க வேண்டாம்.

ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

பிப்ரவரி 26, திங்கள்

மதுரையிலிருந்து வந்து இரண்டு நாள் ஆகிறது. ரத்தக் குழாய் ஒன்றில் தொண்ணூறு சதவீத அடைப்பு. மறுநாள் காலை வரை காத்திருக்கவில்லை. அன்று மாலையே ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். டாக்டர் நாகஜோதி நோட்டைப் படித்துவிட்டு ஃபோன் செய்ததுதான் காரணம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். "யாருங்க படி எண்ணி எழுதினது? பேஷண்டுங்க யாரும் இவ்வளவு கரெக்டா சொல்ல மாட்டாங்க," என்றார். கெமிஸ்ட்ரி என்றேன்.

சுகிர்தராஜ் பார்க்க வந்தார். ஆப்பிள். என் ஆய்வகத்தைக் கீழே இறக்கிவிட்டாராம். கூடலிங்கம் என் பேச்சைக் கேட்கவில்லை. நன்றி சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். அதற்காக அவருக்கு ஒளிச்சேர்க்கை தெரியும் என்று ஆகிவிடாது.

மாத்திரை தினமும் ஏழு. பெருவிரலுக்கான மாத்திரை வீக்கம் வற்றியதும் எட்டாவதாகச் சேருமாம். ஆயுள் முழுக்க. நீளட்டும்.

இன்று பூரணம் தனியாகக் கிளினிக்குக்குப் போய் இந்த நோட்டை வாங்கி வந்தாள். டாக்டர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. நோட்டை ரெண்டு கையாலயும் கொடுத்தாங்க. கண்ணு மட்டும் கொஞ்சம் சிவந்திருந்துச்சு. தூக்கமில்ல போல."

பிரித்துப் பார்த்தேன். சிவப்பு மை. நெஞ்சுவலி வந்த ஒவ்வொரு தேதியின் கீழும் கோடு. மாட்டுப் பொங்கல் ஈரலுக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி. 'இரண்டும் ஒரே செடி' என்பதற்கு எதிரே ஒரு பெருக்கல் குறி. மூன்று 19.8-களின் கீழே ஒன்றுமில்லை. ஆனால் அந்த இடத்தில் பேனா முனை அழுந்தி, மை ஒரு புள்ளியாகப் பரவி, பின்பக்கம் வரை ஊறியிருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் தேதியும் சுருக்கொப்பமும் போட்டு, ஒரு வட்டத்துக்குள்:

47/50.

பூரணம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "நல்ல மார்க்குதான. மூணு எதுக்குங்க குறைச்சிருக்காங்க? நாளைக்குப் போகும்போது கேக்கவா?"

"வேண்டாம்."

"நீங்க அரை மார்க்குக்கே முப்பத்தேழு வருசம் சண்டை போடுற ஆளு. மறுகூட்டல் போட்டுப் பாக்கலாமே?"

"கூட்டல் சரியா இருக்கு," என்றேன்.